பேனல் கதவு

முப்பது வருடக் கம்பெனி வரலாற்றை எழுதும் வேலையைக் கட்டடங்களிடமே விட்டுவிட்டார்கள். கோயமுத்தூரில் கம்பெனி முதன்முதலாகத் தானியங்கியாக்கிய ஒன்பது மாடிக் கட்டடம் தன் பங்கை எழுதிக் கொடுத்தது. அதில், "விபத்து ஒன்றுகூட இல்லை" என்றிருந்தது.

"அப்ப எங்க வீட்டுக்காரர் எங்கீங்கண்ணா செத்தாரு?" என்று ஆறுச்சாமியிடம் வந்து நின்றாள் வேலாத்தாள். "அவரு பேரு அதுல வரோணும்."

அந்தக் கட்டடத்து வயர்மேன் ஆறுச்சாமிக்கு ரிட்டயராக இன்னும் நாலு மாதம். அவளை ஆறாம் மாடிக்குக் கூட்டிப்போனார். அவரோடு கேபிள் இழுத்த அவள் புருஷன் திருமூர்த்தி ஷாப்ட் குழியில் விழுந்தது, கரண்ட் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு. அன்றைக்குக் கட்டடத்துக்குக் கண்ணே திறக்கவில்லை.

வேலை பார்த்தவர்கள் பேரைக் கரண்ட் பேனல் கதவின் உட்புறம் எழுதி வைப்பது வயர்மேன்களின் வழக்கம். ஆறுச்சாமி எழுதியது அப்படியே இருந்தது. திருமூர்த்தி பேருக்கு நேரே தேதியும், "விழுந்து செத்தான்" என்பதும்.

கதவைக் கேமராவுக்கு நேராகத் திறந்து பிடித்தார். "நல்லாப் பாத்துக்க. இதையும் எழுது."

"பார்த்தேன். கிறுக்கலைத் துடைக்க ஆள் அனுப்புகிறேன்" என்றது கட்டடம்.

ஆறுச்சாமியின் போன் அடித்தது. அந்த மாடிக்குக் கட்டடம் அனுப்பும் ஆள் அவர்தான்.

"தொடச்சுப் போடுவீங்களாண்ணா?"

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கீல் இரண்டையும் கழற்றி, கதவை அவள் கையில் கொடுத்தார். சைரன் அலறியது.

கூலியாள் ஒருவனின் பேர் அந்த வரலாற்றில் ஏறியது அன்றுதான்: "ஆறுச்சாமி, கதவுத் திருட்டு."