கோடைத் திட்டத்தில் ஒரு திருத்தம்

“நாலுலேருந்து ஆறு வரைக்கும் நீச்சலா? இது ஆராய்ச்சித் திட்டமா, பிக்னிக் திட்டமா?”

ஆய்வு நெறியாளர் திட்டத்தாளை அவள் முன்னால் ஆட்டிக்கொண்டே கேட்டார்.

பி.எச்டி. மூன்றாம் ஆண்டு. கோடை விடுமுறை மூன்று மாதத்தையும் மணிக்கணக்காகப் பிரித்து, கட்டம் போட்டு, மகளின் கலர் பென்சில்களை இரவல் வாங்கித் தீட்டிக் கொண்டுவந்திருந்தாள். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை சோதனைக்கூடத்தில் மண் மாதிரிகள். ஒன்றிலிருந்து மூன்றரை வரை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். நாலிலிருந்து ஆறு வரை மகளோடு நீச்சல். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும் ‘ஓய்வு’ என்று கூச்சத்தோடு, சின்ன எழுத்தில்.

“பாப்பாவுக்காகத்தான் சார். ஆறு வயசுதான் ஆகுது. நானும் கூடவே தண்ணியில இறங்கினாதான் சேர்த்துப்பாங்களாம்.”

“அதுக்கு?”

“போன லீவுலயே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி ஏமாத்திட்டேன் சார். இந்த ஒரு வாரமா நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கிட்டுதான் சாப்பிடவே உட்கார்றா.”

எதிர் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்த துறைத் தலைவர் கனைத்தார். கோடைத் திட்டங்களுக்குக் கடைசி முத்திரை அவருடையது. அது விழாவிட்டால் மூன்று மாதத்துக்கும் சோதனைக்கூடத்தில் கால் வைக்க முடியாது. ‘உழைப்பும் ஓய்வும் கலந்த கோடையைத் திட்டமிடுங்கள்’ என்று மாணவர்கள் எல்லாருக்கும் கடிதம் அனுப்பியவரும் சாட்சாத் அவரேதான்.

“நாங்க படிச்ச காலத்துல தூங்கவே நேரம் கிடையாது. இப்ப பாருங்க, ஓய்வுக்குன்னு தனியா ஒரு கட்டம்!” என்றார் தலைவர். “திருத்திக் கொண்டுவந்தா முத்திரை. இல்லேன்னா மூட்டையைக் கட்டலாம்.”

“ஒருநாள் விட்டு ஒருநாளாவது சார்...” அவள் நெறியாளரைக் கெஞ்சலாகப் பார்த்தாள்.

அவர் பேனாவை எடுத்தார். மாணவர்கள் அவருக்குக் ‘கத்தரிக்கோல்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. நீச்சல் மேல் ஒரு கோடு. ஓய்வு மேல் இரண்டு கோடு. இரண்டு இடத்திலும் கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘நூலகம், மூன்றாவது மாடி வாசிப்பறை.’

“தினமும் நாலு மணிக்கு டாண்ணு அங்க போய் நிக்கணும். ஞாயித்துக்கிழமை முழு நாளும். அந்த நேரத்துல என் ரூம் பக்கமோ லேப் பக்கமோ உன்னைப் பார்த்தேன்... அவ்வளவுதான்!”

“சபாஷ்! இப்பதான் இது திட்டம்” என்று தலைவர் ‘டொக்’கென்று முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்தவளுக்கு அழுகை முட்டியது. தலைவர்தான் அப்படியென்றால், மூன்று வருஷமாகக் கூடவே இருந்து பார்க்கிற மனுஷனுக்குமா நெஞ்சில் ஈரமில்லை? பேசாமல் வேறு நெறியாளரிடம் மாறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரரின் எண். பேசியது மகள்.

“அம்மா, சார் சரின்னுட்டாரா?”

“வீட்டுக்கு வந்து சொல்றேன்டா செல்லம்.”

“வந்து சொல்றேன்னா இல்லைன்னுதான்ப்பா அர்த்தம்” என்று அப்பாவிடம் அது சலித்துக்கொள்வது தெளிவாகக் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்தாள். விதியே என்று அங்கேதான் உட்கார வேண்டும் என்றால், ஜன்னலோரமாவது ஓர் இடம் பிடித்து வைக்கலாமே.

“அண்ணே, மூணாவது மாடியில எனக்கு ஓர் இடம் வேணும். தினமும் நாலுலேருந்து ஆறு. ஞாயிறு முழுசும்.”

நூலகர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“மூணாவது மாடியா? அதைப் பூட்டியாச்சேம்மா. தரையெல்லாம் பேர்த்துப் போட்டிருக்கு. இனிமே லீவு முடிஞ்சுதான் திறப்போம்.”

அவள் கையிலிருந்த திட்டத்தாளை அவசரமாக விரித்துப் பார்த்தாள்.

“ஐயையோ! முத்திரையே விழுந்தாச்சே அண்ணே! இப்பவே ஓடிப்போய்த் தலைவர்கிட்ட சொல்லி, வேற இடம் எழுதி வாங்கணும்.”

“நில்லும்மா, நில்லு! காரியத்தைக் கெடுத்துடாதே. அவரு நூலகத்துப் பக்கம் தலைவச்சே படுக்க மாட்டாரு. அவருக்கு எங்கேருந்து தெரியப்போகுது?”

“எங்க கைடுக்காவது சொல்ல வேண்டாமா? பாவம், தெரியாம எழுதிட்டாரு.”

“யாரு, உங்க கைடா?” நூலகருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேஜையில் இருந்த அறிவிப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “நூலகக் குழுப் பொறுப்பே அவருதுதானே. அந்த அறையைப் பூட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்! ‘என் பிள்ளைங்க யாராவது மூணாவது மாடின்னு வந்து நின்னா, வீட்டுக்கு விரட்டிவிடுங்க’ன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்காரு. காலையிலேருந்து நீ மூணாவது ஆளு. ம், கிளம்பு, கிளம்பு!”