சோதனை அழைப்பு

மொட்டைமாடியில் ஒயரைக் கடித்தது அணில்தான் என்று லைன்மேன் முருகையன் வந்து சொன்னபோது, ஹம்சாவுக்கு அணில் மேல் கோபம் வரவில்லை. புகார் கொடுத்துப் பதினோரு நாள் கழித்து ஆடி அசைந்து வந்து நிற்கிறாரே என்று அவர் மேல்தான் வந்தது.

மந்தவெளியில் அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் இன்னமும் வீட்டுத் தொலைபேசி வைத்திருப்பது அவள் ஒருத்திதான்.

லைன் எப்போது போனது என்று கேட்டார். புதன்கிழமை காலை ஏழே கால் என்றாள். அவ்வளவு கச்சிதமாக எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், டெல்லியில் இருக்கும் தம்பி அந்த நேரத்துக்குத்தான் பேசுவான் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள்.

தம்பி பேசி இரண்டு வருடம் ஆகிறது.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல், தினமும் காபி குடித்ததும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். டயல் டோன் கேட்கும். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது போல ஒரு தைரியம். வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும்.

முருகையன் புது ஒயரை இணைத்து, டேப் சுற்றிவிட்டுக் கீழே வந்தார். தன் செல்லிலிருந்து அவள் நம்பருக்கு அடித்தார். மணி அடித்தது. ஹம்சா எடுக்காமல் இன்னும் இரண்டு தடவை அடிக்க விட்டாள்.

அடுத்து, வெளியே அழைப்பு போகிறதா என்று பார்க்க வேண்டும். அவள் தொலைபேசியிலிருந்தே ஒரு எண்ணைப் போட்டார். பொத்தான்களைப் பார்க்காமலே போட்டார்.

"இன்னா தேவான, துன்னுட்டியா? நான் மந்தவெளில கீறேன். ரசம் மட்டும் வெச்சிடு, வந்துர்றேன்."

வைத்துவிட்டு, வீட்டுக்காரம்மா என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. லைன் ரெடி என்று சொல்லிக் கிளம்பினார்.

ஹம்சாவுக்கு வயிறு எரிந்தது. இத்தனை பெரிய ஊரில், ரசம் வை என்று அவளிடம் சொல்ல ஒரு நாதி இல்லை.

சற்றுப் பொறுத்துத்தான் மேஜை மேல் அவருடைய டெஸ்டர் கிடப்பதைப் பார்த்தாள். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று ரீடயல் பொத்தானை அழுத்தினாள். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிடும் ஆசையும் இருந்தது. மறைப்பானேன்.

பெண் குரல்தான். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் சொல்லி, திரும்பத் தமிழுக்கு வந்தது.

ஏதோ தவறு என்று மறுபடி அழுத்தினாள். அதே பெண்.

முருகையன் பேசியபோது நடுவில் ஒரு மூச்சுகூட விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பதில் சொல்ல அந்தப் பக்கத்துக்கு அவர் இடமே கொடுக்கவில்லை.

தொலைபேசியின் சின்னத் திரையில் அவருடைய செல் நம்பர் இருந்தது. இந்த மாதம் வந்த ஒரே அழைப்பு. அதைப் பார்த்துப் பார்த்து அடித்தாள்.

எடுத்தவுடனே, லைன் திரும்பவும் போய்விட்டதா என்று கேட்டார்.

"லைன் நன்னா இருக்கு. டெஸ்டரை மறந்துட்டேள். நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்கோங்கோ. ரசம் வெச்சிருப்பேன்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. யாரோ டீ கேட்டார்கள். அவர் போனை வைக்கவில்லை.

ஹம்சா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.