ஆவரேஜ்

பைகளை எல்லாம் கடலில் எறிந்த பிறகும் படகுக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. படகை ஓட்டிவந்த ரயீஸ் மதிய வெயிலில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பயூமி மட்டும் பாடத்தை நிறுத்தவில்லை. அலெக்சாண்டிரியாவை விட்டதிலிருந்து எனக்குத் தினம் ஐந்து ஆங்கிலச் சொல். கரை சேர்ந்ததும் அகதிகளுக்கு நேர்காணல் இருக்குமாம்.

அப்போதைய சொல் ஆவரேஜ்.

"நம்ம அரபி அவார்தான் அது. நனைஞ்ச மூட்டைக்குப் பழுதுன்னு எழுதுவோமே, அதே. இத்தாலிக்காரன் வாய்ல பூந்து, பிரெஞ்சுக்காரன் வாய்ல பூந்து, இங்கிலீஷ்காரன்கிட்ட சராசரி ஆயிடுச்சு."

எப்படி என்றேன்.

கப்பல் மூழ்காமலிருக்க ஒருவனுடைய சரக்கைக் கடலில் தள்ளினால், அந்த நஷ்டத்தைக் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பழைய கடல் வழக்கம், அந்தப் பங்குதான் பிறகு சராசரி ஆனது என்றான். துறைமுகத்தில் பன்னிரண்டு வருடம் சரக்குச் சீட்டு எழுதியவன்.

ஒற்றைக்கண்ணனைத் திட்டுகிற சொல்லுக்கும் எங்கள் மொழியில் அதே வேர். வெள்ளை படர்ந்த இடது கண்ணைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான்.

"அப்ப நான்தான் ஆவரேஜ். எங்க, ஒரு வாக்கியம் சொல்லு பாப்போம்."

நான் யோசிப்பதற்குள் ரயீஸ் எங்கள் முன்னால் நின்றான்.

"பழுதான சரக்கு முதல்ல போகட்டும். ஏய், இந்த ஒத்தக்கண்ணனுக்குச் சொந்தம்னு யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா எந்திரிங்க, கூடவே அனுப்பிடறேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் பயூமியின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். தலையைத் திருப்பினால்தான் அவனால் என்னைப் பார்க்க முடியும்.

அவன் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

"யாருமில்ல ரயீஸ். தனியாத்தான் வந்தேன்."

அவனைத் தள்ளிய பிறகும் படகு ஒரு விரலளவுகூட உயரவில்லை. நாங்கள் ஐம்பத்தொரு பேரும் அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் மீட்புக் கப்பல் வந்தது.

கரையில் யாரோ கொடுத்த போனில் வீட்டுக்கு அழைத்தேன். அம்மா அழுதாள், சிரித்தாள், சாப்பிட்டாயா என்று மூன்று முறை கேட்டாள்.

"என்னடா ஊமையாட்டம் நிக்கிற? போனை பயூமிகிட்ட குடு. உன் தம்பியாவது நாலு வார்த்தை பேசுவான்."