திரும்பிப் பார்க்கக் கூடாது

விடுதிப் பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நாள். கேட்டில் காவல் நிற்கும் நான், காலையிலிருந்து நாற்பத்தோராவது தடவையாக அதையே சொன்னேன். வாய் வலித்தது.

"கேட்டைத் தாண்டுற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாதும்மா. பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இதான் வழக்கம். எண்பது வருஷமாச்சு."

மகளை விட்டுவிட்டு வந்த அந்த அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பெத்தவ ஒரு தடவை திரும்பிப் பாத்தா உங்க பள்ளிக்கூடம் இடிஞ்சா விழுந்துடும்? ஈவு இரக்கமே கிடையாதா?"

"விடு, நம்ம முகத்தைப் பாத்தா பிள்ளை இன்னும் அழும்" என்று கணவர் கையைப் பிடித்து இழுத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"விட்ட இடத்துலயே நின்னு அழுதுட்டிருக்கும் என் தங்கம்!"

கையை உதறிவிட்டுத் திரும்பினார்.

விட்ட இடத்தில் பெட்டி மட்டும்தான் இருந்தது. தள்ளி, மைதானத்தில், ஐந்தாறு பெண்களோடு சிரித்தபடி பந்தைத் துரத்திக்கொண்டிருந்தாள் மகள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று நான் எப்போதும் வைத்திருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்த அம்மா உட்கார்ந்தார்.

"இது பிள்ளைங்களுக்காக வச்ச வழக்கம் இல்லம்மா" என்றேன்.