நடுக்கூடத்தில் முட்டை

புவெனஸ் ஐரிஸின் கான்ஸ்டிட்யூசியன் ரயில் நிலையம். நடுக்கூடமெங்கும் முட்டையும் மாவும் சிதறிக் கிடந்தன. துப்புரவு மேற்பார்வையாளர் ஒஸ்வால்தோ கத்தினார்.

"பட்டம் வாங்கினவங்க தலையில முட்டை உடைச்சு மாவு கொட்டிக் கொண்டாடறதெல்லாம் காலேஜ் வாசலோட நிக்கட்டும்! ஸ்டேஷன்ல என்ன கூத்து? நெலிதா, வந்து துடை!"

தலையில் துண்டு கட்டியிருந்த நெலிதா நகரவில்லை.

"இன்னிக்கு நான் துடைக்க மாட்டேன் சார்."

"ஏன், மகாராணிக்குக் கை வலிக்குதோ? அப்போ எந்தக் கழுதை பட்டம் வாங்கிச்சோ, அதையே கூட்டிட்டு வா. துடைச்சிட்டுப் போகட்டும்!"

மற்ற துப்புரவுப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

நெலிதா துண்டை அவிழ்த்தாள். தலைமுடியிலிருந்து மஞ்சள் கரு வழிந்தது.

"அந்தக் கழுதை நான்தான் சார். வக்கீலாயிட்டேன்."

ஒஸ்வால்தோ அவளையே பார்த்தார். பிறகு அந்தப் பெண்கள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"எனக்கு ஒரு முட்டைகூட மிச்சம் வைக்கலையா?"