பன்னிரண்டாவது தலைப்பு

“அம்மா, இந்த வருஷமும் பதினொண்ணுலயே நின்னுட்டியா?”

மகள் போனை நீட்டிக் காட்டிச் சிரித்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்றது.

‘வருஷம் பன்னிரண்டு’ என்கிற அந்த வாசிப்புக் குழுவில் அவள் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஏதோ புத்தகக் கண்காட்சியில் நம்பர் எழுதிக் கொடுத்திருப்பாள், யாரோ சேர்த்துவிட்டார்கள். ஜனவரி பிறந்ததும் பன்னிரண்டு தலைப்பு வரும். தலைப்புக்கு ஒரு புத்தகமாகப் படித்து, அட்டையைப் படமெடுத்துப் போட வேண்டும். பன்னிரண்டும் முடித்தவர்களின் பெயர் டிசம்பர் கடைசியில் பட்டியலாக வரும். அந்தப் பட்டியலில் தன் பெயரை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

குழுவை நடத்துகிறவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பேர் கிடையாது, முகம் கிடையாது. பேச்சும் ஒற்றை வார்த்தைதான். புத்தகம் தலைப்புக்குப் பொருந்தினால் ‘செல்லும்’. இல்லையா, ‘செல்லாது’.

பதினொரு தலைப்பு வருஷா வருஷம் மாறும். பன்னிரண்டாவது மட்டும் மாறவே மாறாது: ‘பாதியில் நின்றுபோன புத்தகம்’.

“ஏதாவது ஒண்ணைப் போட்டு ஒப்பேத்த வேண்டியதுதானேம்மா? எல்லாரும் அதைத்தான் பண்றாங்க.”

“நான் பாதியில விட்டது ஒரே ஒரு புத்தகம்டி. பொய் சொல்லிப் பேர் வாங்க எனக்கு வராது.”

“அது எங்க இருக்கு?”

“உன் மாமாகிட்ட.”

மகள் போனைக் கீழே வைத்தாள். மாமாவும் அம்மாவும் பேசிப் பார்த்ததே இல்லை அவள்.

அந்தக் காலத்தில் அப்பா வாங்கி வருவது ஒரு புத்தகம். பாய்ந்து பிடுங்க இரண்டு பேர். அட்டை கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் அப்பா ஒரு சட்டம் போட்டார்: ஆளுக்குப் பத்துப் பக்கம் உரக்கப் படிக்கணும், இன்னொருத்தர் கேட்கணும், ஒருத்தரை விட்டு ஒருத்தர் முன்னால் போகக் கூடாது. வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அண்ணனும் தங்கையும் அதை விடவில்லை. அண்ணன் வில்லன் குரலில் படித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழும். அப்படிச் சிரித்த நாட்கள் அப்புறம் அவளுக்கு வரவே இல்லை.

அப்பா போன மறுமாதம் அலமாரியில் கரையான் ஏறியது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணன் அத்தனை புத்தகத்தையும் எடைக்குப் போட்டுவிட்டான்.

“அப்பாவையே எடைக்குப் போட்டுட்டே. இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!” என்றாள் அவள். கோபத்தில் வாய் சொன்னதை வீம்பு பிடித்துக்கொண்டது. இருபத்தோரு வருஷம் ஓடிவிட்டது.

அப்போது இருவரும் படித்துக்கொண்டிருந்தது ஒரு தடித்த நாவல்; அலமாரியில் இல்லாமல் அண்ணனின் பையில் இருந்ததால் அது மட்டும் தப்பியது. புயலில் கப்பல் வரும் நேரம், கலங்கரை விளக்கை யாரோ அணைத்துவிடுகிறார்கள். யார் என்று தெரிவதற்குள் சண்டை வந்துவிட்டது.

“போய்க் கேளும்மா. மாமா என்ன, கடிச்சா தின்னுடப் போறாரு?” என்றாள் மகள். “இன்னும் மூணு நாள்தான் இருக்கு.”

அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. அவன் குனிந்து லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தான். தலைமுடி பாதி நரைத்து, பாதி காணாமல் போயிருந்தது. நிமிர்ந்தவன் அவளைப் பார்த்து அப்படியே நின்றான்.

“உட்காரு, சுண்டெலி.”

புத்தக ஓரத்தைக் கடித்துக்கொண்டே படிப்பாள் என்று சின்ன வயதில் அவன் வைத்த பெயர். உலகத்தில் வேறு ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“உட்கார வரலை. அந்த விளக்குப் புத்தகம் இருக்கா? ஒரு போட்டிக்கு வேணும். ஒரு படம் எடுத்துட்டுக் கிளம்பிடறேன்.”

“என்ன போட்டி?”

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். “அதை நடத்தறவன் ஒரு கிறுக்கன். ஆறு வருஷமா அந்தப் பன்னிரண்டாவது தலைப்பை மாத்தவே மாட்டேங்கறான். சரியான அழுத்தக்காரன்!”

“பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ” என்ற அண்ணன், மேஜை இழுப்பறையைத் திறந்தான்.

காக்கி அட்டை போட்ட புத்தகம் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது. பிரித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அன்றைக்கு அடையாளத்துக்கு வைத்த அதே பழைய பஸ் டிக்கெட்.

“விளக்கை யார் அணைச்சது?”

“எனக்கென்ன தெரியும்?”

“நீ மேல படிக்கலையா?”

“ஒருத்தரை விட்டு ஒருத்தர் முன்னால போகக் கூடாதுன்னு அப்பா சொன்னது மறந்துபோச்சா?”

எடைக்குப் போகாமல் அப்பா இந்த இழுப்பறையில்தான் இருந்திருக்கிறார். இத்தனை வருஷத்தை வீணாக்கினேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அதை அண்ணனிடம் காட்ட வெட்கப்பட்டு, அவசர அவசரமாக அட்டையைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். அண்ணனும் எதையோ தேடுகிற மாதிரி முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

“சரி, நான் கிளம்பறேன்” என்று அவள் வாசல் வரை வந்தபோது போன் கிணுகிணுத்தது. குழுவை நடத்துகிறவரிடமிருந்து பதில்:

‘செல்லாது. இன்னும் படிச்சு முடிக்கலையே. உட்காரு, சுண்டெலி.’