கணவரின் நிலை

“பேர் இல்லை அக்கா” என்றேன்.

ஜெஸீமா அக்கா நம்பவில்லை. மேசைக்கு மேலால் குனிந்து, பிரின்ட் எடுத்த தாளில் தானே விரலை வைத்துத் தேடினா.

மூதூர்ச் சனம் ஷெல்லடிக்கு ஓடிவந்து கிண்ணியாப் பள்ளிக்கூடமொன்றில் இருந்த இரண்டாம் மாதம் அது. சோதனைச் சாவடி பூட்ட முதல் போக வேண்டும் என்று, நாலு மணிக்கே நிவாரண லொறி திரும்பிவிடும். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் இரண்டு கிழமைக்கு அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை. அவவுக்கு மூன்று பிள்ளைகள்.

அந்தப் பட்டியலை எடுத்தது என்னுடைய புரோகிராம்.

அதை வைத்து நான் அடித்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. முகாமில் நாங்கள் எக்செலில் பதிகிறதைக் கொழும்புக் கந்தோர் ஏற்கும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். முந்தி இரண்டு பேர் மூன்று நாள் குந்தியிருந்து தட்டினார்கள். நான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். மௌஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து என்டரைத் தட்டினால், உள்ளே போன கோப்பு வேறு வடிவத்தில் வெளியே வரும். ‘மாத்தி’ என்று அதற்குப் பேரும் வைத்தேன். கொழும்பிலிருந்து யார் வந்தாலும் எங்கள் பொறுப்பாளர் சோமசேகரம் சேர் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டச் சொல்லுவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

பாதி நிரப்பின வரிகள்தான் மாத்திக்குக் கரைச்சல். ஒரு பெட்டி வெறுமையாக இருந்தாலும் அந்த வரியை விட்டுவிடு என்று எழுதியிருந்தேன். முதலில், விட்ட வரிகளை ஒவ்வொன்றாகத் திரையில் சொல்லும், நான் அவற்றைக் கையால் சேர்ப்பேன். ஆட்களுக்குக் காட்டும்போது அது வடிவாயில்லை என்று, சொல்லாதே என்றும் எழுதிவிட்டேன். கொழுப்பு, வேறென்ன.

மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். ஜெஸீமா, வயது முப்பத்தாறு, பிள்ளைகள் மூன்று. எல்லாம் இருந்தது. கணவரின் நிலை என்ற பெட்டி மட்டும் வெறுமை.

அவவின் மனுசன் மஹ்ரூப், ஷெல்லடி தொடங்கிய அன்று, கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு வாறன் என்று தோப்பூர்ப் பக்கம் போனவர். வரவில்லை. கண்டவர்களும் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சோமசேகரம் சேர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். “என்ன பிள்ளை, வரிசை நகருதில்லை?”

பிழை என்னுடையது என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

“இந்தப் பெட்டி வெறுமையா இருந்தா கொம்பியூட்டர் ஏற்காது அக்கா. கூட இருக்கிறார், வெளிநாடு, காலமானார். மூண்டில ஒண்டு சொல்லுங்கோ.”

பச்சைப் பொய். கொழும்பு வெறும் பெட்டியையும் ஏற்கும். ஏற்காதது என்னுடைய மாத்தி. வெறுமையை விட்டுவிடு என்று நான் எழுதிய அந்த ஒரு வரியை அழிக்க ஒரு நிமிசம் போதும். ஆனால் சேர் பார்த்துக்கொண்டு நிற்க அழிக்க வேண்டும்.

சீனன்குடா விமானத்தளத்திலிருந்து ஒரு பிளேன் எழும்பியது. வரிசையில் நின்ற எல்லாரும் மேலே பார்த்தார்கள். ஜெஸீமா அக்கா மட்டும் பார்க்கவில்லை. அவ என்னைப் பார்த்தா, பிறகு சேரைப் பார்த்தா, பிறகு லொறியைப் பார்த்தா.

“அப்ப மௌத்தெண்டு போடுங்க தங்கச்சி.”

காலமானார் என்று போட்டேன். என்டரைத் தட்டினேன். பேர் வந்தது. அரிசி கிடைத்தது. “கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டுச் சேர் லொறிப் பக்கம் போனார்.

அடுத்த நாள் காலமை கந்தோரில் கதிரையை இழுத்துப் போட்டதும் முதல் வேலையாக மாத்தியில் அந்த வரியை அழித்தேன். மாத்தி விட்ட பேர் இன்னும் பத்து இருந்தது. கணினியில் ஏதோ கோளாறு என்று சேருக்குச் சொல்லி, அவர்களுக்கும் சாமான் அனுப்ப வைத்தேன். அதுவும் பொய்தான். ஜெஸீமா அக்காவின் பெட்டியைப் பழையபடி வெறுமையாக்கினேன். அதோடு எல்லாம் சரி என்று நினைத்தேன், மடைச்சி.

இரண்டு கிழமை கழித்து லொறி போனபோது, பெட்டியைத் திருத்தியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்போம் என்று வரிசையில் அவவைத் தேடினேன். அவவின் நிவாரண அட்டையைக் கொண்டு, பக்கத்து வகுப்பறையில் இருக்கும் மைமூனா வந்தா.

“ஜெஸீமா இத்தாவில இருக்கா. புருசன் மௌத்தெண்டு தன்ட வாயால சொல்லிப்போட்டு எப்பிடி வெளியில வாறது? நாலு மாசம் பத்து நாள் முடியட்டும்.”

கரும்பலகைக்குப் பக்கத்தில் சேலையால் மறைப்புக் கட்டி, வெள்ளை உடுத்து இருக்கிறாவாம். வாப்பா இனி வரமாட்டார் என்று பிள்ளைகளுக்கும் சொல்லியாச்சாம்.

புருசனுக்காக இத்தாவில் ஒதுங்கி இருக்கிறவவைப் பெண்கள் போய்ப் பார்க்கலாம். இருபது அடி தூரம். நான் போகவில்லை. மைமூனாவிடம் ஒப்பம் வாங்கிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

முகாமில் பதிந்த முதல் நாள், அந்தப் பெட்டிக்கு வந்ததும் ஜெஸீமா அக்கா அழத் தொடங்கினா. “தெரியாட்டிச் சொல்ல வேண்டாம் அக்கா, வெறுமையா விடுவம்” என்று அவவின் கையைப் பிடித்துச் சொன்னது நான்தான்.

லொறி வந்த அன்றைக்குச் சேருக்கு முன்னால் அவ அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.